வீரபாண்டி ஆற்றில் ஒரு சேலை

காலை 6.20. சென்னைப் பேருந்து தேனியில் என்னை இறக்கிவிட்டபோது முதுகு என்னுடையதாகவே இல்லை. ஒரு டீ குடித்துவிட்டுக் கம்பம் பேருந்தில் ஏறினேன். வீரபாண்டிக்கு எட்டு கிலோமீட்டர், பத்து ரூபாய். கோயிலுக்குப் போகிறேன் என்று நடத்துநர் நினைத்திருப்பார். நான் ஆற்றுக்குப் போனேன்.

என் மனைவி செல்வி சின்னமனூர்க்காரி. நான்கு வருடங்களுக்கு முன், புற்றுநோய் சிகிச்சைக்கு நடுவே, கௌமாரியம்மனைக் கும்பிட்டு முல்லையாற்றில் ஒரு முங்கு போட வேண்டும் என்று அடம்பிடித்தாள். அழைத்து வந்தேன். படித்துறை முழுக்க நுரையும் ஆகாயத்தாமரையும். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். "இந்தச் சாக்கடையிலயா? வேண்டவே வேண்டாம்" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். பாட்டில் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டாள். அடுத்த மாதம் போய்விட்டாள்.

ஆறு தெளிந்துவிட்டதாகப் போன வாரம் மைத்துனர் போனில் சொன்னார். நம்பாமல்தான் கிளம்பினேன். அன்று அவள் உடுத்தியிருந்த சேலை பையில் இருந்தது. இங்கே நோயாளிகள் குளித்துவிட்டு, உடுத்திய துணியை ஆற்றோடு விடுவது வழக்கம். அவளுக்காக நான் விடலாம் என்று நினைத்தேன்.

காலை 7.15. மைத்துனர் சொன்னது பொய்யில்லை. முழங்கால் ஆழத்தில் என் கால்நகம் தெரிந்தது. மீன்குஞ்சுகள் வந்து கடித்தன. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், எனக்குக் கோபம்தான் வந்தது. சரியாகக் கூடிய ஆறு, அவள் இருக்கும்போதே சரியாகித் தொலைத்திருக்கக் கூடாதா?

சேலையை வெளியே எடுத்ததும், கரையில் குப்பை அள்ளிக்கொண்டிருந்த பெண் சத்தம் கொடுத்தார்.

"அண்ணே, அத ஆத்துல விடாதீக. சாக்கடைய வேற பக்கம் திருப்பி விட்டாக, சரி. இந்தத் துணிய என்ன செய்ய? நோயி போகட்டும்னு ஆளாளுக்கு விட்டுட்டுப் போயிருவாக. மண்ணுக்குள்ள அடுக்கடுக்கா கெடந்துச்சு. நாங்கதான் இழுத்து இழுத்து வெளிய போட்டோம். அந்தா, தொட்டி வச்சிருக்கு."

சிமெண்ட் தொட்டிக்குள் யார் யாருடைய துணிகளோ கிடந்தன. அங்கே போட மனம் வரவில்லை. முன்பின் தெரியாத அவரிடம் செல்வியைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கையைப் பிடித்து இழுத்ததையும் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றினார்.

"அவுகளுக்குக் குளிக்கத்தான ஆச? சேலையாச்சும் முங்கி எந்திரிக்கட்டும். அங்கிட்டு முந்தியப் பிடிங்கண்ணே."

ஆளுக்கொரு முனையைப் பிடித்து மூன்று முறை முக்கி எடுத்தோம். அவர் பிழிய வந்தார். நான் விடவில்லை. ஈரத்தோடு பைக்குள் வைத்துக்கொண்டேன்.

காலை 9.05. தேனிக்குத் திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பக்கத்து ஊர், உப்புக்கோட்டைக்காரர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அருகில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் செருப்புக் காலைத் தூக்கிக்கொண்டு கீழே பார்த்தார்.

"என்ன சார், பையி இந்த ஒழுகு ஒழுகுது?"

"ஆத்துத் தண்ணிதாங்க" என்றேன். "நல்லா இருக்கு. குளிக்கலாம்."