பதினோரு பேருக்கு ஒரே நம்பர்

ஜெகதாப்பட்டினத்தில் பிரகதீஸ்வரியைத் தெரியாத வீடு கிடையாது. தோளில் நீலப் பை, நெற்றியில் காலையில் பூசிய திருநீறு, மத்தியானத்துக்குள் அதில் பாதி வியர்வையோடு போயிருக்கும். சுகாதார நிலையத்துக்காக வீடு வீடாகப் போய் சர்க்கரை, பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பது அவள் வேலை. பிரஷர் பட்டையைக் கையில் சுற்றுகிற இரண்டு நிமிஷத்தில், டாக்டரிடம் சொல்லாததையெல்லாம் பெண்கள் அவளிடம் சொல்லிவிடுவார்கள்.

அதனால்தான் அந்தப் போன் பாடம் வந்தபோது, ஆள் சேர்க்கிற பொறுப்பை நர்சம்மா அவள் தலையில் கட்டினார். மனசு நோயில் விழும் முன்பே தாங்கிப் பிடிக்கிற திட்டம். முதலில் ஒன்பது கேள்வி: தூக்கம் வருகிறதா, சோறு இறங்குகிறதா என்கிற மாதிரி. பிறகு எட்டு வாரத்துக்கு, வாரம் ஒரு பாடம், போனிலேயே பேசும். பதில் சரியில்லை என்றால் மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து ஹரிணி என்கிற பெண் கூப்பிட்டுப் பேசும். பிள்ளைகளுக்கு அம்மை வருமுன் ஊசி போடுகிறோமே, அப்படித்தான் இது என்று சொல்லிச் சொல்லி, துறைமுகத் தெருவில் பத்துப் பெண்களைச் சேர்த்தாள்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள். அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு போன். திங்கள், புதன், சனி விசைப்படகு போகிற நாளில் அது ஆம்பளையோடு கடலுக்குப் போய்விடும்.

முதல் பாடம் வியாழக்கிழமை விடியற்காலம் வந்தது. படகுகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. டவர் கிடைத்ததும் போன்கள் ஒவ்வொன்றாக மணியடித்தன. "கண்களை மெதுவாக மூடிக்கொள்ளுங்கள்" என்றது ஒரு பெண்குரல், சுக்கான் பிடித்திருந்த ஐயனாரிடம்.

"மூடுனா மணல்திட்டுல ஏத்திருவேன் தாயி" என்றாராம் ஐயனார். ஐஸ் கம்பெனி வரைக்கும் அதுதான் அன்றைக்குப் பேச்சு. ஒன் பொண்டாட்டிக்கு மனசு சரியில்லையாமே என்று ஒருவரை ஒருவர் கேலி செய்ய, பெண்கள் பேரை எடுத்துவிடச் சொல்லி பிரகதீஸ்வரியைச் சுற்றிக்கொண்டார்கள்.

அவள் வழி கண்டுபிடித்தாள். பத்துப் பேருக்கும் தன் நம்பரையே போட்டு, மறுபடி ஒன்பது கேள்வியையும் கேட்டு அனுப்பிவிட்டாள். பாடம் தன் போனுக்கே வரட்டும், சுற்றி உட்கார வைத்துக் கேட்கச் செய்யலாம் என்று கணக்கு.

அன்றைக்கே புதிதாகச் சேர்ந்த பதினோராவது ஆள் அழகி. அவள் புருஷன் முனியசாமி போன படகை எல்லைக்கு அங்கிட்டுக் கடலில் நேவி பிடித்துப்போய் மூன்று வாரம் ஆகிறது. போனும் அவரோடு போயிற்று. அழகி எட்டுக் கேள்விக்கும் முணுமுணுத்தாள். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்பது ஒன்பதாவது. விரலை நீட்டி, போனில் 'தினமும்' என்பதைத் தானே தொட்டாள். அன்றைக்கு ராத்திரி பிரகதீஸ்வரி தன் தங்கச்சியை அழகிக்குத் துணையாகப் படுக்க வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை பிரகதீஸ்வரி மீன் ஏலத்தில் நிற்கும்போது போன் வந்தது.

"அம்மா, நான் ஹரிணி பேசுறேன். இப்ப தனியாவா இருக்கீங்க?"

"இல்லம்மா, நெத்திலி வாங்கிட்டு இருக்கேன்."

"மனசுல என்ன இருந்தாலும் சொல்லலாம்மா. நேத்து ஒரே நாள்ல பதினோரு தடவை பதில் அனுப்பியிருக்கீங்க."

அந்தக் கம்ப்யூட்டருக்குப் பேர் முக்கியமில்லை, நம்பர்தான் ஆள் என்பது அப்போதுதான் இவளுக்கு விளங்கியது. உள்ளதைச் சொன்னாள். ஹரிணி சிரிக்கவும் முடியாமல், திட்டவும் முடியாமல், ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தான், இந்த நம்பரைத் தள்ளினால் பதினோரு பேரும் போய்விடுவார்களே என்றாள்.

"பத்துப் பேரை நிறுத்தி வைங்கம்மா. அழகியை மட்டும் விட்டுறாதீங்க. இப்பவே போனை அவ கையில கொண்டுபோய்க் குடுக்குறேன், வைக்காதீங்க."

நெத்திலியைத் தராசிலேயே விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அழகி கதவோரம் சுருண்டு கிடந்தாள். போனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு என்ன பைத்தியமாக்கா பிடிச்சிருக்கு?"

"ஒனக்கு ஏண்டி பிடிக்குது. நேத்து பதினோரு பேரு பாரமும் எனக்கு ஒருத்திக்கேன்னு முடிவு பண்ணி என்னையக் கூப்பிட்டிருக்காங்க. நீ ஒன் பங்கையாவது வாங்கிக்க."

அழகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே அழுதாள். அழுதுகொண்டே போனை வாங்கினாள்.

பிரகதீஸ்வரி வெளியே வந்து, காய்ந்து கிடந்த துணிகளை எடுத்து மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். பெத்த தாயைப் போல நீதான் நிக்கணும் என்று ஆத்தாளை வேண்டிக்கொண்டாள். உள்ளே பேச்சு முக்கால் மணி நேரம் ஓடியது. நாளைக்கே டாக்டரைப் பார்க்க அழகி சம்மதித்தாள். கூடப் போக பிரகதீஸ்வரி.

அடுத்த வாரமே பாடம் வெள்ளிக்கிழமைக்கு மாறியது. எல்லாப் படகும் கரையில் நிற்கிற நாள், போனும் வீட்டில் இருக்கும். பத்துப் பேரும் சொந்த நம்பருக்குத் திரும்பினார்கள். முனியசாமி இன்னும் வரவில்லை. ஆனால் அழகி உலை வைக்கிறாள், வாரம் ஒருமுறை பிரகதீஸ்வரி போனில் ஹரிணியோடு பேசுகிறாள்.

போன வெள்ளிக்கிழமை பேசி முடித்தவள் போனைத் திருப்பித் தரவில்லை. "அந்தப் பொண்ணு கேக்குதுக்கா. எல்லாரு பதிலும் வந்துச்சாம், ஒங்களது வரலையாம்."

நல்லாத்தானே இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தாள் பிரகதீஸ்வரி.

"பையை இறக்கி வச்சிட்டு உக்காருங்க" என்றாள் அழகி. "மொதக் கேள்வி."