வெள்ளைக்குழை

பக்ரீத் நெருங்கிவிட்டால் தேவ்நார் சந்தையில் மனிதர்களைவிட ஆடுகளுக்குத்தான் மரியாதை அதிகம். ராஜஸ்தானிலிருந்து லாரி ஏறி வருகிற ஆடு பசியையும் கூடவே ஏற்றிக்கொண்டு வருகிறது. அதை வாங்கிப் பால்கனியில் கட்டிவைத்துக் கொஞ்சிவிட்டு, தின்ன என்ன போடுவது என்று திருதிருவென முழிக்கிறவர்களை நம்பித்தான் சைனப்பின் பிழைப்பு ஓடியது. அவள் குழை விற்றாள். ஆடு தின்னும் தழையைக் கொப்போடு ஒடித்துக் கட்டினால் திருநெல்வேலிப் பக்கம் அதற்குக் குழை என்று பேர். சந்தைக்காரர்களுக்கு நாக்கில் ழகரம் ஏறாது. ஆகவே குழைக்காரி 'குலைவாலி' ஆகிப்போனாள்.

மேலப்பாளையத்திலிருந்து கல்யாணம் முடித்து, சந்தைக்குப் பக்கத்தில் சீட்டா கேம்ப் என்ற குடியிருப்புக்கு வந்தவள். வீட்டுக்குப் பின்னால் சாக்கடையைத் தாண்டினால் உப்பங்கழி, கரை நெடுக அலையாத்தி மரங்கள். இலையின் அடிப்பக்கம் சாம்பல் பூசிய மாதிரி வெளுத்திருந்ததால் வெள்ளைக்குழை என்று அவளே பேர் வைத்துவிட்டாள். இலையில் லேசாக உப்புக் கரிக்கும். ஆடுகள் அதற்கு உயிரை விட்டன.

கழியில் பூநாரைகளுக்கான சரணாலயம் இருக்கிறது. கரையோர மரங்களும் வனத்துறைக் காவலில்தான் இருந்தன. வெட்டக் கூடாது என்று மராட்டியில் பலகையும் உண்டு. தனக்கு மராட்டி படிக்கத் தெரியாததை சைனப் வசதியாக வைத்துக்கொண்டாள். ஆனால் போன மாதம் காவலர் ஒருவர் நேரிலேயே பிடித்து, இன்னொரு தரம் பார்த்தால் கேஸ்தான் என்று இந்தியில் சொல்லிவிட்டார். சந்தையில் இந்தியில் பேரம் பேசுகிறவள் இந்தி தெரியாது என்று எந்த முகத்தோடு சொல்வது? அன்றிலிருந்து கழிப்பக்கம் போகும்போதெல்லாம் நாலு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

போகாமலும் முடியவில்லை. இந்த வருஷம் கரையோரம் கைக்கெட்டுகிற மரமெல்லாம் மொட்டையாக நின்றது. அவள் ஒருத்தி ஒடித்ததா அது? எத்தனையோ பேர் ஒடித்தார்கள். அவளும்தான் ஒடித்தாள். இன்னும் உள்ளே போனால்தான் குழை கிடைக்கும் என்று ஆனபோது, ரிக்ஷா ஓட்டும் அவள் புருஷன் முகம்மது ஹனீப், வண்டி எடுக்கப் போகும் முன் ஒரு கை கொடுக்கிறேன் என்று கூட வந்தான். நீர் வற்றிய காலை நேரம். சேறு முழங்கால்வரை இழுத்தது.

"எதை ஒடிக்க?" என்றான்.

"எல்லாம் குழைதான் மச்சான். கைக்கு எட்டுனத ஒடிங்க. பாரஸ்ட் கார்டு வந்துட்டா மாட்டிக்கிடுவோம்" என்றாள், கரையையே பார்த்தபடி.

எல்லாம் குழை இல்லை. அங்கே தில்லை மரமும் இருந்தது. ஒடித்தால் பால் வடியும், பட்டால் எரியும். ஆடு மோந்துகூடப் பார்க்காது. சைனப் அதைத் தொட்டதே கிடையாது. அவள் வந்த புதிதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நின்றது. அதனால் புருஷனிடம் சொல்லி எச்சரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஹனீப் ஒடித்த கொப்பிலிருந்து பால் அவன் கையில் வழிந்தது. அந்தக் கையாலேயே முகத்து வேர்வையை வழித்துவிட்டுக் கண்களைக் கசக்கினான். அடுத்த நிமிஷம் அவன் போட்ட அலறலில் சேற்றிலிருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன.

"சைனபு, ஒண்ணும் தெரியலியே! கண்ணு ரெண்டும் எரியுதே!"

கொண்டுபோயிருந்த குடிதண்ணீர் முழுவதையும் அவன் கண்ணில் ஊற்றினாள். போதவில்லை. கழித்தண்ணீரை அள்ளப் போன கையை அவளே இழுத்துக்கொண்டாள். அது பாதி சாக்கடை. அழுதுகொண்டே அவனைக் கைப்பிடித்து நடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

கண் டாக்டர் வந்தனா, கண்ணில் என்ன விழுந்தது என்று இந்தியில் கேட்டார். சைனப் வாயைத் திறக்கும் முன் ஹனீப் முந்திக்கொண்டான்.

"சூனா, மேடம். வீட்டுக்கு வெள்ளையடிச்சேன்."

சொல்லும்போதே பொண்டாட்டியின் கையை அழுத்தினான். கண் போகிற நேரத்திலும் அவளைக் கேஸிலிருந்து காப்பாற்றப் பார்க்கிறான், மடையன். டாக்டர் அவன் இமையைப் புரட்டி, இல்லாத சுண்ணாம்புத் துகளைத் தேடிக்கொண்டிருந்தார். சொன்னால் கேஸ். சொல்லாவிட்டால்? கேஸுக்கு ஜாமீன் உண்டு, கண்ணுக்கு ஏது ஜாமீன்?

"சூனா இல்ல மேடம்" என்றாள். "மரத்துப் பால். கழியில நான்தான் ஒடிக்கச் சொன்னேன்." இந்தி குழறியது, ஆனால் சொல்லிவிட்டாள்.

டாக்டர் நிமிர்ந்து ஒருமுறை அவளைப் பார்த்தார். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, மறுபடி வெகுநேரம் கழுவி, மருந்திட்டு, இரண்டு கண்ணையும் கட்டினார். கட்டைப் பிரித்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்.

அதற்குப் பிறகான நாட்களை சைனப் எப்படிக் கழித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கதவு தட்டப்பட்டால் வனத்துறையோ என்று பதறினாள். போன் அடித்தால் குழை கேட்பவர்கள். ரிக்ஷா வாசலில் தூசி படிந்து நின்றது. "விடிஞ்சிட்டா?" என்று நட்டநடுப்பகலில் ஹனீப் கேட்கும்போது, சோற்றை அவன் வாயில் ஊட்டினாள்.

கட்டுப் பிரித்த அன்று அவன் சிமிட்டிச் சிமிட்டி முழித்தான். கண்ணில் நீர் கொட்டியது. டாக்டரின் விரல்களைச் சரியாக எண்ணிச் சொன்னான். பிறகு சைனப் பக்கம் திரும்பினான்.

"ஏன் புள்ள இப்படிக் கருத்துப்போயிட்டே?"

அவள் சிரித்தாள். அப்படியே அழுதாள்.

வேறொருவரின் ரிக்ஷாவில் வீடு திரும்பினார்கள். சாலை கழியை ஒட்டிப் போகும் இடத்தில் ஹனீப், பார்வை திரும்பிய சந்தோஷத்தில், குழந்தை மாதிரி வெளியே தலையை நீட்டினான்.

"பாரு புள்ள, எவ்வளவு பச்சையா கெடக்கு! இத வச்சிக்கிட்டா குழை இல்லன்னு அழுத?"

சைனப் பார்த்தாள். பச்சைதான், நடுநடுவே பழுத்துச் சிவந்த இலைகளோடு. காற்று புரட்டியும் வெள்ளை அடிப்பக்கம் காட்டும் கொப்பு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மொட்டை மரங்களுக்கு நடுவில் தில்லை தளதளவென்று நின்றது.

"அது ஒங்க கண்ணெக் கெடுத்த மரம், மச்சான்" என்றாள். "நான் ஒடிக்காம விட்டது அது ஒண்ணுதான்."