தோளில் சுவாமி, கையில் சென்சர்

முதலில் வந்தது தாகம். சுவிஸில், ஷ்லீரனில் பிஸ்கட் சுடும் தொழிற்சாலை ஒன்றில் அடுப்புப் பக்கம் நிற்பவன் நான். வேலையென்றால் தாகம் எடுக்கத்தான் செய்யும் என்று போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தேன். பார்வை மங்கியபோது மூக்குக்கண்ணாடியை மாற்றினேன். எல்லாம் முடிந்த பிறகுதான் டொக்டரிடம் போனேன். எங்கள் ஆட்களின் ஒழுங்கு அது.

சலரோகம் (நீரிழிவு) என்றார். சில வருடங்கள் குளிசையோடு (மாத்திரை) ஓடின. பிறகு இன்சுலின் (இரத்தத்திலுள்ள சீனியைக் குறைக்கும் ஊசி மருந்து) வந்தது. கூடவே ஹைப்போவும் வந்தது (சீனி அளவுக்கு மீறி இறங்குவது, வேர்க்கும், கை நடுங்கும், கவனிக்காவிட்டால் மயங்கி விழலாம்). அதனால் என் மேற்கையில் ஒரு சென்சரை ஒட்டினார்கள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வில்லை. தோலுக்கடியில் உள்ள நீரில் சீனியை அளந்து கைபேசிக்கு அனுப்பும். இலக்கத்தின் பக்கத்தில், ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஓர் அம்பும் காட்டும்.

இதை ஒட்டிக்கொள்ள யோசிப்பவர்களுக்கு உண்மையைச் சொல்கிறேன்: எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. பேர்னில் படிக்கும் என் மகள் அபிராமியின் கைபேசிக்கும் என் இலக்கங்கள் போயின. பிறந்தநாள் விழாவொன்றில் இரண்டு லட்டைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேன், "அப்பா, என்ன நடக்குது அங்க?" என்று செய்தி வருகிறது. ஒரு ஞாயிறு மத்தியானம் நல்ல நித்திரையில் இருந்தபோது அலாரம் அலறியது. சீனி இறங்கிவிட்டதாம். விரலைக் குத்திப் பார்த்தால் எல்லாம் சரி. இது பொய் சொல்லும் சாமான் என்று முடிவு கட்டி, மகளுக்குப் போகும் இணைப்பை நிறுத்திவிட்டேன்.

டொக்டர் சிரித்தார். "அந்தக் கைப் பக்கமாகப் படுத்திருப்பீர்கள். அழுத்தினால் குறைவாகக் காட்டும். சந்தேகம் வந்தால் விரலைக் குத்திப் பாருங்கள்" என்றார். நம்பச் சொல்லாமல் சந்தேகப்படச் சொன்ன அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.

உண்மையான பயம் வேறு. கோடையில் அட்லிஸ்வில் முருகன் கோயில் திருவிழாவில் சுவாமி இருக்கும் தண்டைத் தோளில் காவுகிறவன் (சுமக்கிறவன்) நான். வருடம் முழுவதும் பிஸ்கட் தட்டு தூக்கும் தோளுக்கு அந்த ஒரு நாள்தான் மரியாதை. கோயிலில் ஆண்கள் மேல்சட்டை கழற்ற வேண்டும். கழற்றினால் வில்லை தெரியும். தெரிந்தால், உயரம் பார்த்து ஆட்களை நிறுத்தும் குகன் அண்ணை என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிடுவார். வருத்தத்தை (நோயை) ஊருக்கு மறைத்ததே அதற்காகத்தான்.

திருவிழா அன்று காலை, கையைச் சால்வையால் மூடிப் பார்த்தேன். கண்ணாடியில் கை முறிந்தவன் போல் இருந்தது. விழாவுக்கு வந்திருந்த மகள் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"அத விடுங்கோ. முதல்ல எனக்கு வாற இணைப்பைப் போடுங்கோ அப்பா. இல்லாட்டி நானே குகன் மாமாவிட்ட சொல்லுவன்."

"மிரட்டுறியோ?"

"ஓம்."

போட்டேன்.

கோயிலில் சட்டையைக் கழற்றியதும் குகன் அண்ணையின் கண் நேராக என் கைக்குத்தான் போனது.

"என்னடாப்பா இது?"

"சீனி பாக்கிற சென்சர் அண்ணை."

"குத்துமோ?"

அதற்குள் நாலைந்து பேர் சுற்றி வந்துவிட்டார்கள். இதோடு குளிக்கலாமோ, காப்புறுதிக் கொம்பனி காசு குடுக்குமோ, என்ன சாப்பிட்டதெண்டு வீட்டில மனிசிக்குத் தெரியவருமோ என்று ஒரே கேள்வி. கேட்டவர்களில் பாதிப் பேருக்குச் சீனி என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமும் போய்விட்டது.

"காவுவியோ?" என்றார் குகன் அண்ணை.

"காவுவன்."

"ஏலாட்டி உடன சொல்லோணும்."

இரண்டாம் வரிசையில் என்னை விட்டார்.

ஊர்வலம் புறப்பட்டபோது வெயில் நன்றாகவே காய்ந்தது. வேர்த்தது, நெஞ்சு அடித்தது, கை நடுங்கியது. சுவாமி காவினால் எல்லாருக்கும் அப்படித்தான். ஹைப்போ வந்தாலும் அப்படித்தான். எது பாரத்தால் வந்தது, எது சீனியால் வந்தது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இடுப்பில் செருகியிருந்த கைபேசி அதிர்ந்ததையும் மேளச் சத்தத்தில் கவனிக்கவில்லை. அபிராமி சேலையைத் தூக்கிப் பிடித்தபடி ஆண்களுக்கு நடுவே ஓடி வந்தாள்.

"அப்பா, விடுங்கோ! அம்பு நேர கீழ பாக்குது."

"எனக்கு ஒண்டுமில்லை பிள்ளை."

"அப்பா!"

பொய் அலாரமாக இருந்தால் ஊருக்கு முன்னால் என் இடம் வீணாகப் போய்விடும். உண்மையாக இருந்தால்? முன்னால் போனவரின் முதுகைப் பார்த்தேன். நான் விழுந்தால் தண்டு அவர்மேல்தான் சாயும். "அண்ணை, எனக்கு ஏலாது" என்று கத்தினேன். என் இடத்துக்கு இன்னொரு தோள் வந்தது.

வீதியோரத்தில் இருத்தி, மகள் ஒரு ஜூஸ் பெட்டியைக் கையில் தந்தாள். இருந்த பிறகுதான் கால்கள் உதறத் தொடங்கின. கண் இருண்டு வந்தது. வில்லை சொன்னதெல்லாம் எனக்குள் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் பிந்தித் தெரிந்தது.

என் உடம்பின் செய்தி முதலில் எனக்குத்தான் வரும் என்று இத்தனை காலமும் வீறாப்பாக இருந்தவன் நான். அந்த வீறாப்பு போனதில் கவலை வரும் என்று பார்த்தால், ஆறுதல்தான் வந்தது. இனி எந்நேரமும் என்னை நானே காவல் காத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஜூஸை ஆறுதலாகக் குடித்தேன். சீனி ஏறும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு மிகவும் நீளமாக, மிகவும் நன்றாக இருந்தது.

நடுக்கம் அடங்கியதும் விரலைக் குத்திப் பார்த்தோம். இரண்டு இலக்கமும் ஒத்து வந்தன. அந்த நேரம் ஊர்வலம் வீதி முனையில் திரும்பி எங்களை நோக்கி வந்தது.

தண்டுக்கு அடியில் நிற்பவனுக்கு முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான் தெரியும். இத்தனை வருடம் தோளில் காவியும், வீதியில் வரும் சுவாமியை நான் பார்த்ததே இல்லை. சிவப்புப் பட்டும் வேலுமாக, தோள்களின் மேல் மெல்ல ஆடி ஆடி வந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

குகன் அண்ணை தூரத்திலேயே என்னைக் கண்டு கையைக் காட்டினார். "இப்ப ஏலுமோ? வா, உன்ர இடம் கிடக்கு!"

மகள் கைபேசியைப் பார்த்து, போகலாம் என்று தலையாட்டினாள். நான் எழும்பவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்றேன். "முகத்தைப் பாத்திட்டு வாறன்."