சாமை விளைந்த அகழி

மலைமேல் தேவனூர் நாட்டில் ஒரு மண்கரை கிடக்கிறது. கிடக்கிறது என்பதே சரி. நிற்கிற வேலையை அது எந்தக் காலத்திலோ முடித்துவிட்டது. இரண்டு ஆள் உயரம், வளைந்து வளைந்து கால் மைல், வெளிப்புறம் அகழி. எந்தப் படை வெட்டியது, யாரைத் தடுத்தது, சொல்ல ஆளில்லை. மண்ணைக் கேட்டேன், அது புல்லைக் காட்டியது.

அப்போது எனக்கு இருபத்தைந்து. கால் ஓரிடத்தில் தரிக்காத வயது. இன்றும் தரிக்கவில்லை, அது வேறு கதை. வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் எழுத்து வேலை, மொழிபெயர்ப்பும் நானே. கரையைப் பார்த்ததும் துரைக்கு ஆசை வந்துவிட்டது. வேலி போட்டு, நாலு பெஞ்சு வைத்து, எல்லாரும் உலாவும் பார்க் ஆக்க வேண்டும். மறுநாளே அகழியைச் சுத்தம் செய்ய ஆட்களையும் கூட்டிவந்தார்.

அகழியிலோ சாமை. மழை கரையைக் கழுவிக் கழுவி இறக்கிய வண்டலில் கதிர் தலைகுனிந்து நின்றது. அறுப்புக்குப் பத்து நாள் போதும். விதைத்தவள் நடுவில் நின்றாள். அவள் வீட்டுக்கு அந்த வருஷச் சோறு அது.

"ஏனுங்கம்மா, துரை இதைப் பார்க்கு ஆக்கப் போறாருங்க," என்றேன்.

"பாக்கறதுக்குங்களா? நல்லாப் பாக்கட்டுமுங்க. மேட்டு மேல நின்னு பாக்கச் சொல்லுங்க சாமி, கதிர மட்டும் மிதிக்க வேண்டாம்."

"அதில்லீங்க. இதையெல்லாம் வெட்டிச் சுத்தம் பண்ணிருவாங்க."

"வெட்டிப்போட்டு அப்பறம் வெறும் பள்ளத்தையா பாப்பாரு? தொரைக்குக் கண்ணு அவ்வளவு மோசமுங்களா?"

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். என்ன சொல்கிறாள் என்று துரை என்னைக் கேட்டார்.

மொழிபெயர்ப்பவனுக்கு அந்த ஒரு மூச்சு நேரம்தான் ராஜ்யம். "ஆட்சேபணை இல்லையாம். வருகிறவர்கள் கரைமேல் மட்டும் நடக்க வேண்டும், அகழிப் பயிருக்குச் சேதம் கூடாது என்கிறாள்," என்றேன். அதில் பொய் ஒரு சொல் இல்லை. துரை கரைமேல் ஏறி, பழுத்த அகழியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். "நியாயம்தான், எழுது" என்றார். எழுதினேன், கையெழுத்து விழுந்தது. இந்த வருஷத்துப் பயிருக்கு மட்டும் என்று நான் எழுதவில்லை. மறந்து விட்டதல்ல.

அடுத்த ஐப்பசியில் போனேன். வேலி, பெஞ்சு எல்லாம் வந்திருந்தன. சோளக்காடு ஊர்ச் சந்தை முடித்த சனம் கரைமேல் வரிசையாக நடந்தது. கீழே மறுபடி சாமை. அகழியில் இறங்கக் கால் வைத்த மலையடிவாரத்துக்காரர் ஒருவரை அவள் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, கெவர்மெண்டு உத்தரவு தெரியாதுங்களா? கால எடுங்க!"

அவர் என்னைப் பார்த்தார். உத்தரவு உண்மைதான் என்றேன். காலை எடுத்தார்.