ஆத்தாவின் ழகரம்

பேரையூர்ப் பக்கம் கரிசல் காட்டில் எங்கள் ஊர். அங்கிருந்த போர்டு பள்ளிக்கூடத்தில் நான் ஒன்றாம் வகுப்பிலேயே இரண்டாம் வருசம் உட்கார்ந்திருந்தேன். மக்கு என்று பெயர். நான் மக்கு இல்லை. அதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். முன்வரிசைப் பிள்ளைகளின் கையைப் பிடித்து அவர்கள் வீட்டில் அரிசியிலும் மணலிலும் எழுத வைத்து அனுப்பியிருந்தார்கள். கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளான நாங்கள் ‘அ’வையே வாத்தியார் எழுதித்தான் முதலில் பார்த்தோம்.

மற்ற எழுத்துகளை எப்படியோ பிடித்துவிட்டேன். ‘ழ’தான் என்னை மடக்கியது. மழை என்று எழுதிப் போட்டால் ‘மளை’ என்று வாசிப்பேன். எங்கள் தெருவில் மளைதான் பெய்தது, பளம்தான் பளுத்தது. வாத்தியார் என்னை எழுப்பிவிட்டாலே முன்வரிசைக்குக் கொண்டாட்டம்.

வீட்டில் அய்யா பொறுத்துப் பார்த்தார். வருசக் கடைசியில் பிள்ளைகளைச் சோதிக்கப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரும்போதும் நான் தேறாவிட்டால் ஆத்தாவோடு பருத்தி எடுக்கப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். அவர் கோபப்படாமல் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காட்டிலிருந்து திரும்பிய ஆத்தா, தலையெல்லாம் பருத்தித் தூசியோடு நேரே பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். அந்த ஒரு எழுத்தை எப்படிச் சொல்வது என்று வாத்தியாரிடம் கேட்டாள். படிக்கப்போவது நீயா, உன் மகளா என்று அவர் சிரித்தார்.

“நாங்க பேசுறதத்தான பிள்ளை பேசும்,” என்றாள் ஆத்தா. “மொதல்ல எங்க நாக்குத் திரும்பட்டுங்க.”

நாக்கு நுனியை மேலே வளைத்து, எதிலும் ஒட்டாமல் சொல்ல வேண்டும் என்று அவர் காட்டினார். அதன்பிறகு குழம்பு கொதிக்கும்போதும் ழ, வீடு கூட்டும்போதும் ழ. கூடப் பருத்தி எடுக்கும் பெண்கள் அவளுக்கு வாய் கோணிக்கொண்டதென்று கேலி செய்தார்கள். அவள் விடவில்லை. ஒருநாள் ழ வந்தேவிட்டது. வந்தது அதன் இடத்தோடு நிற்கவில்லை, அதுதான் வினை. ‘ள’ வர வேண்டிய இடத்திலும் அதுவே வந்தது. தோள் ‘தோழ்’ ஆனது, வாளி ‘வாழி’ ஆனது. எது சரியென்று எனக்கு எப்படித் தெரியும்? ஆத்தா சொன்னதையே நானும் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். மழை, பழம், கிழவி எல்லாவற்றையும் கணீரென்று வாசித்தேன். வாத்தியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதோடு விட்டிருக்கலாம். கிணற்றில் தண்ணீர் எதால் இறைப்பாய் என்று அந்த மனிதர் கேட்டார்.

“வாழி,” என்றேன்.

முன்வரிசை சிரித்தது. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்காமல், இப்படி யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். ஆத்தா என்றேன். அவள் எதுவரை படித்திருக்கிறாள் என்றார்.

“ழ வரைக்கும்,” என்றேன்.

அவர் என்னை இரண்டாம் வகுப்பில் உட்கார வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மேல்வகுப்பில்தான் ‘வாழி’ என்றால் நன்றாக இரு என்று வாழ்த்துவது எனப் படித்தேன். அதற்குள் ளகரமும் ழகரமும் எனக்குப் பிடிபட்டிருந்தன. ஆத்தாவை மட்டும் நான் திருத்தவில்லை, மனசு வரவில்லை. அவள் கடைசிவரை கிணற்றடியில் நின்று, “அந்த வாழிய எடு தாயி,” என்றுதான் கேட்டாள். நானும் எடுத்துக் கொடுத்தேன்.