நீர் அரணையின் முதல் குரோமோசோம்

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். கல்லூரி விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கோயில் மண்டபத்தில் நான் பேச எழுந்தால் கைப்பேசிகள் பைக்குள் போய்விடும்.

அந்த ஞாயிறு, கல்வி விழாவில் நியூட் குறித்துப் பேசினேன். தவளைக்கு உறவான, வாலுள்ள சிறு பிராணி. நம் நாட்டில் கிடையாது. ‘நீர் அரணை’ என்று நானே பெயரிட்டேன். அதன் கொண்டையுள்ள இனங்களில் முதல் குரோமோசோம் இரு வகைப்படும். தாயிடமிருந்து ஒரு வகையும் தந்தையிடமிருந்து மற்ற வகையும் வந்தால் குஞ்சு பிழைக்கும். ஒரே வகை இரண்டு சேர்ந்தால் முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். பாதி முட்டைகள் இப்படி அழிகின்றன. அவ்வினங்கள் எல்லாவற்றிலும் இதே குறை இருப்பதால், அவை ஒரே மூதாதையின் வழிவந்த நெருங்கிய உறவுகள் என்று விளக்கினேன்.

பின்வரிசையில் இருந்த பழைய மண்டோர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கியவர், எழுந்தார். “அப்ப சொந்தத்துல கட்டுனா இப்படித்தான் ஆவும்ங்கிறீங்களா, சார்?”

சிலர் சிரித்தனர். கேள்வி தலைப்புக்குப் புறம்பானது. அடுத்த படத்துக்குச் சென்றேன்.

என் தங்கை மகளைத்தான் என் மகனுக்கு மணமுடித்திருந்தோம். அவளுக்கு இருமுறை கரு கலைந்திருந்தது. மண்டபத்தில் அதை அறியாதவர் இல்லை.

மாலைக்குள் பேச்சின் அந்தப் பகுதி மட்டும் வாட்ஸ்அப் புலனத்தில் புக்கிட் செந்தோசா வரை போயிருந்தது. தங்கை அங்கிருந்து அழைத்தாள்.

“நீதானண்ணே வந்து பொண்ணு கேட்ட,” என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

அன்று மருமகள்தான் சோறு பரிமாறினாள்.

“எல்லா முட்டையுமா சாவும், மாமா?”

“பாதி.”

“எது சாவும்னு முன்னாடியே தெரியாதா?”

“தெரியாது.”

தலையசைத்துவிட்டு ரசம் ஊற்றினாள்.

அந்த வாரமே அவள் தாய்வீடு போனாள். மகன் காரில் கொண்டுபோய் விட்டான். நான் வாசல்வரை சென்றேன். வெயில் கடுமையாக இருந்தது. அப்போது என்ன நினைத்தேன் என்று கேட்கிறார்கள். எதுவும் நினைக்கவில்லை. அவள் இன்னும் திரும்பவில்லை.

சொந்தத்தில் கட்டியதால்தான் கரு தங்கவில்லை என்று நான் மேடையில் அறிவித்ததாக இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. சொந்தம் வேறு, குரோமோசோமின் வகை வேறு. நீர் அரணை அயலோடு சேர்ந்தாலும் பாதி முட்டைகள் சாகும்.