கிழக்கு வீதிக்கு ஆறு சுற்று

ராசிபுரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். அங்கே மேல்நிலைத் தொட்டியிலிருந்து வீதி வீதியாக வால்வு திறந்து தண்ணீர் விடுவது சுப்பையனின் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. வால்வை முழுதாகத் திறக்கப் பதினெட்டுச் சுற்று. எந்த வீதிக்கு எத்தனை சுற்று என்பதைத் தொட்டியா முடிவு செய்கிறது? அதையெல்லாம் தேர்தல் பார்த்துக்கொள்ளும்.

போன தேர்தலில் கிழக்கு வீதி மாற்றி ஓட்டுப் போட்டுவிட்டது. ஜெயித்தது பஞ்சாயத்துத் தலைவரம்மா, நாற்காலியில் உட்கார்ந்தது அவர் புருஷன் தனசேகர். "கெழக்கு வீதிக்கு ஆறு சுத்துப் போதுமப்பா," என்றார். சுப்பையன் தலையாட்டினான். அந்த வீதியின் கடைசி வீட்டில்தான் அவனுடைய அக்கா பாவாயி, புருஷன் போன பிறகு தனியாக இருந்தாள். ஆறு சுற்றுக்கு வரும் தண்ணீர் பாதி வீதியைத் தாண்டாது.

பாவாயி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "ஏஞ்சாமி, ரெண்டு சுத்து சேத்தித் தொறந்தா என்ன?"

"எம் பொழப்புல மண்ணப் போடாதக்கா."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இரண்டு வருஷம் தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தாள். போன செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில் குடத்தோடு வரப்பில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

பிறந்த வீட்டுக் கோடியாகப் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டியது தம்பியின் கடமை. சேலையோடு வந்த சுப்பையனிடம் பக்கத்து வீட்டு மலர்விழி மெல்லச் சொன்னாள்: "குளிப்பாட்டத் தண்ணியில்லீங்கண்ணா."

அவன் யாரையும் கேட்கவில்லை. கோடிச் சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினான். பதினெட்டுச் சுற்றும் திறந்தான். வேலை போகட்டும், எல்லாமே போய்த் தொலையட்டும் என்றிருந்தது. இவ்வளவு சுலபமா இது? பாவி, அவள் உயிரோடு இருந்தபோது இந்தக் கைக்கு என்ன கேடு?

திரும்பி வந்தபோது ஒப்பாரி நின்றிருந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு குழாயடியில் நின்றார்கள். பந்தலுக்குக் கீழே பாவாயி மட்டும் தனியாகக் கிடந்தாள்.

நனைந்த சேலையோடு மலர்விழி ஓடி வந்தாள். "கோவிச்சுக்காதீங்கண்ணா. மறுக்கா எப்ப வருமோ, என்னமோ. உங்கக்கா ஊட்டு அண்டாவையும் ரொப்பிட்டேனுங்க."

"புடிங்க சாமி, எல்லாத்துலயும் புடிச்சு வெய்யுங்க. அழுவறத அப்பறம் பாத்துக்கலாம்," என்றான் சுப்பையன். கடைசிக் குடம் நிறையும்வரை, கோடிச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் காலடியில் உட்கார்ந்திருந்தான்.